கல்வெட்டு வாசிப்பில் யாப்பறிவு: தில்லை, அதிகை வெண்பாக்களை முன்வைத்து

பண்டைய வரலாற்றைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் மாணவருக்கு அகழாய்வு, கணினி வரைபடம், ஆங்கிலம் மூன்றையும் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். யாப்பிலக்கணத்தைச் சொல்பவர் அரிது. சோழ நாட்டில் வேலை செய்ய இருப்பவருக்கு அது அலங்காரப் படிப்பன்று, கருவி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் இருவரிடமும் படைத்தலைவனாக இருந்தவன் மணவிற்கூத்தன் காலிங்கராயனாகிய நரலோகவீரன். சிதம்பரத்தில் நூற்றுக்கால் மண்டபம் எழுப்பியது, தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்தது முதலிய அவன் பணிகளைத் தில்லைக் கோயிலிலும் பண்ருட்டிக்கு அருகே திருவதிகைக் கோயிலிலும் வெண்பாக்களாகவே பொறித்துள்ளனர்.

சோழர் கால எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே ‘கொடு’வா ‘கோடு’வா என்பதை, கல்வெட்டை மையொற்றி எடுத்த மைப்படியை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் எழுத்து சொல்லாது. வெண்பா சொல்லும். முன்னது ஒரு நிரையசை, பின்னது நேரும் நேரும். இரண்டில் ஒன்றுக்குத் தளை தட்டும். கல் சிதைந்து இரண்டாம் எழுத்து போன அடியில், இணையடியின் எதுகை அந்த எழுத்து இன்னதாக இருக்கலாம் என்று காட்டும்; முதலெழுத்து குறிலா நெடிலா என்பதையும் கட்டுப்படுத்தும். கணினியில் படத்தைப் பெரிதாக்கினால் இந்த ஐயம் தீராது, பெரிதாகும்!

பெரும்பாலான கல்வெட்டுகள் உரைநடை; அங்கே யாப்பு உதவாதே என்பது நியாயமான மறுப்பு. உண்மைதான். அங்கே வேலி, மா, குழி என்னும் நில அளவையும், தேவதானம், இறையிலி போன்ற வழக்குகளும் தெரிந்திருக்க வேண்டும். ஆட்சியாண்டோடு நாள்மீனும் கிழமையும் வந்தால் பஞ்சாங்கக் கணக்கு வேண்டும். சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகள் இல்லாமல் அதில் இறங்குவது வீண் துணிச்சல். எழுத்தே இல்லாத மண்ணடுக்கில் இவை எதுவும் பயன்படா. கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு செய்த வீலர் இத்தாலிய மட்கலங்களைக் கொண்டு காலம் கணித்தார். 1989–92-இல் விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து, குடியிருப்பின் தொடக்கத்தை அதற்கும் முன்னே தள்ளினர். அது பானையோட்டை வாசிக்கும் திறன்.

இலக்கியப் பயிற்சி வரலாற்றாய்வுக்குப் போதாது என்பாருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமே விடை. குடந்தையில் பள்ளித் தமிழாசிரியராக இருந்த தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் 1942-இல் அங்குள்ள தமிழாராய்ச்சித் துறைக்கு வந்தார். கல்வெட்டையும் உலாவையும் பரணியையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து அவர் எழுதிய பிற்காலச் சோழர் வரலாற்றைப் பல்கலைக்கழகம் 1949 முதல் வெளியிட்டது. அவருடைய புலமை வரலாற்றுக்குத் தடையாக இருக்கவில்லை. அதுவே அவருடைய முறை.

இன்று யாப்பு தமிழ்த் துறையிலும் தொல்லெழுத்து வரலாற்றுத் துறையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பாடத்திட்டம் மாறும்வரை ஒன்றாவது செய்யலாம்: கல்வெட்டாய்வாளர் பணிக்கு ஆள் எடுப்போர் விடைத்தாளோடு நிறுத்தாமல், பாட்டும் உரையும் கலந்த மைப்படி ஒன்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும்.