மானிப்பாயிற் பிறந்த மருத்துவத் தமிழ்

நோயாளி வைத்தியரிடம் கேட்கும் வினாக்கள் எந்நாட்டிலும் எக்காலத்திலும் பெரும்பாலும் ஒன்றே. இது என்ன வருத்தம்? எதனால் வந்தது? எத்தனை நாளில் மாறும்? பத்தியம் என்ன? தலை முழுகலாமோ? இவற்றை நம்மூர்ப் பரியாரியாரிடம் கேட்பதற்கு எவரும் கூசியதில்லை. அவர் திண்ணையிலிருந்து நாடி பார்த்தபடியே மறுமொழி சொல்வார். சொல்லும் மொழி நோயாளியின் மொழியே. பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கி வருதலை யாவரும் அறிவர். ஆகவே மருத்துவம் தமிழிற் பேசுதல் நமக்குப் புதியதன்று. மேனாட்டு மருத்துவம் இங்கு வந்தபோது அதனைத் தமிழ் பேசுவித்தவர் யாவர், அது எதனால் இயன்றது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டிலே பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்யத் தொடங்கினார். அவர் சென்னைக்குப் போன பின்னும் அப்பணி தொடர்ந்தது. ஆயினும் நமது பொருளுக்கு உரியவர் அவருக்குப் பின் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே. இவர் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்து, மருத்துவம் கற்றுத் தேறி, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயைத் தமது இடமாகக் கொண்டு நோயாளரைப் பார்ப்பதோடு இவ்வூர் இளைஞர் சிலருக்கு மருத்துவமும் கற்பிக்கத் தொடங்கினார்.

முதலிற் கற்பித்தது ஆங்கிலத்திலேயே. வட்டுக்கோட்டைச் செமினரியின் காலம் அது. ஆங்கிலம் நன்கு கற்ற மாணாக்கர் கிடைத்தனர். ஆனால் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் நல்ல சம்பளத்தோடு அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போயினர். இதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை; இன்றைக்கும் நம்மூரில் நடப்பது அதுதானே. கிறீன் இதனைக் கண்டு வேறொரு முடிவுக்கு வந்தார். தமிழிலே கற்றவன் தன் ஊரிலே தங்குவான். தங்கியவன் ஊராருக்கு விளங்கப் பேசுவான் என்பது அவர் துணிபு. இடையிலே தாய்நாடு சென்று 1862இல் மீண்டு வந்தவர், 1864ஆம் ஆண்டளவில் மேனாட்டு மருத்துவத்தை முழுக்கத் தமிழிலேயே கற்பிக்கலானார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்றவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! கட்டரின் நூல் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்ற தலைப்போடு 1852இலேயே வெளிவந்திருந்தது. 1857இற் பிரசவ வைத்தியம், 1867இல் இரணவைத்தியம், 1872இல் வைத்தியாகரமும் மனுஷ அங்காதிபாதமும், 1875இற் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என அடுத்தடுத்து நூல்கள் வந்தன. இவையெல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேல். மனுஷ அங்காதிபாதத்தின் மூலம் கிரே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல். இலண்டனில் அது முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அதனைத் தமிழன் தன் மொழியிற் படிக்க முடிந்தது என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பும், அதனோடு சிறிது வெட்கமும் உண்டாகின்றன.

கலைச்சொற்களுக்கு அவர் ஒரு முறை வகுத்துக்கொண்டார். தமிழிலே வழங்கும் சொல் உண்டா என்று முதலிற் பார்த்தல். இல்லையேல் வடமொழியிலிருந்து ஆக்கிக்கொள்ளுதல். அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இணங்க எழுதுதல். 'இரணம்' நம் வைத்தியர் வழங்கிய சொல். 'சுகரணம்' ஆக்கிய சொல். 'கெமிஸ்தம்' ஓசை மாற்றி எடுத்த சொல். இவற்றிற் பல இன்று வழக்கொழிந்தன. உடற்றொழிலியல், சுகாதாரம், இரசாயனவியல் என்பவை அவற்றின் இடத்தைப் பெற்றன. நமக்கு அதிலே வருத்தமில்லை. சொல் மாறலாம், தமிழிற் சொல்ல இயலாது என்றோர் வாயடங்கியது மாறவில்லை. இம்முயற்சியில் டான்போர்த், சாப்மன் என ஆங்கிலப் பெயர் தாங்கிய தமிழ் மாணாக்கரும் தோள் கொடுத்தனர். அவர்கள் பெயரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நூல்கள் மாணாக்கருக்கு, நோயாளிக்கு என்ன? வாந்திபேதி பற்றியும், தாயும் சேயும் பற்றியும் பொதுமக்கள் வாசிக்கத்தக்க சிறு பிரசுரங்களையும் கிறீன் எழுதி வெளியிட்டார். 1866, 1867ஆம் ஆண்டுகளிற் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. அந்நோய் எதனால் வருகிறது என்ற வினாவுக்கு அன்று உலகில் எங்கும் தெளிந்த விடையில்லை. 1854இல் இலண்டன் மாநகரிலே ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர், ஒரு தெருக்குழாயின் நீரைக் குடித்தோரே மாண்டனர் என்று காட்டினார், பலர் நம்பவில்லை. ஜேர்மனியரான கொக் என்பவர் கல்கத்தாவில் ஆராய்ந்து கிருமியை வெளிப்படுத்தியது 1884இன் தொடக்கத்தில். கிறீன் அவ்வாண்டு மே மாதம் தமது சொந்த ஊரிலே இறந்தார். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே மலசலகூடத்து அழுக்கு கிணற்றை அடையும் நம் நாட்டுக்கு அந்த விடை எவ்வளவு வேண்டியது!

இன்னொரு வினா. பேதியாகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாமோ? கொடுக்கலாகாது என்று நம் பாட்டிமார் மட்டுமன்றி அக்காலத்து மேனாட்டு வைத்தியர் பலரும் கூறினர். 1971இல் வங்காளத்து அகதி முகாமொன்றிலே திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தே பல உயிர்களை மீட்டார். நம் மருந்துக்கடைகளில் விற்கும் 'ஜீவனி' அதன் வழி வந்ததே. அது கிடையாதவிடத்து, கொதித்தாறிய நீர் ஒரு லீற்றரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தாற் போதும். இவ்வளவு பெரிய ஆராய்ச்சியின் விளைவு இரண்டு வரித் தமிழில் அடங்கிவிடுகிறது. ஆயினும் தண்ணீரை மறுக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு.

சைவ வாலிபர் மலரிலே மிஷனரி ஒருவரைப் பாராட்டலாமோ என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கிறீனின் மருந்துச்சாலையில் மருந்துக்கு முன் செபமும் பிரசங்கமும் நடந்தன. அவர் வந்த நோக்கம் அதுவே. அதனை அவர் மறைக்கவுமில்லை. நாமும் மிஷன் பாடசாலையிற் படித்தவர்களே. காலையிற் கீதம் பாடிவிட்டு மாலையிற் கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசியவர்களே. ஆதலால் இதனை அறியாது பேசவில்லை. ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே 1822இல், கிறீன் பிறந்த இரண்டு மாதங்களின் பின். அவரும் மிஷன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவி, பின் வெளியேறி, வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலையும் அச்சுக்கூடமும் கண்டார். ஒருவர் நோக்கத்தை மற்றவர் எதிர்த்து நின்றார். ஆனால் அச்சும் எளிய தமிழ் வசனமுமே இருவர் கையிலும் இருந்த கருவிகள். நாவலரின் வசனத்தைப் போற்றும் நாம் கிறீனின் வசனத்தை மறைத்தல் நேர்மையன்று. தம் மாணாக்கர் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து மேனாட்டாராய் மாறுவதை அவர் விரும்பவில்லை என்பதும் இங்கே சொல்லத்தக்கது. கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' எழுதி அவரை நமக்கு மீளவும் அறிமுகம் செய்தார்.

கிறீன் 1873இல் இந்நாட்டை விட்டு நீங்கினார். கொழும்பிலே 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. தமிழிற் கற்பித்தல் சில காலத்தில் நின்றுபோயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. அங்கும் கற்பது ஆங்கிலத்தில். ஆராய்ச்சிகள் வெளிவரும் மொழி அதுவாதலின் அதனைக் குறைகூற நாம் துணியோம். கேட்பவருக்கு விடை எம்மொழியிற் கிடைக்கிறது என்பதே நம் கவலை.

சென்ற மாரியில் ஒருநாள் பஸ்தரிப்பிலே நின்றபோது, மூதாட்டி ஒருவர் மருந்துத் துண்டொன்றை நம்மிடம் நீட்டினார்.

"தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு மோனை?"

வாசித்தோம். மூன்று மருந்துகளின் பெயரும் வேளைக் குறிப்பும் இருந்தன. முழுகலாமோ என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அதை வைத்தியரிடமே கேட்டிருக்கலாமே என்றோம்.

"அவை இங்கிலீசிலை கதைச்சுக்கொண்டு நிண்டவை. கேக்கக் கூச்சமாக் கிடந்தது" என்றார்.

துண்டை மறுபக்கம் திருப்பிப் பார்த்தோம். அங்கே ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.