மாலைக்குள் முல்லைவாயில்

1955 ஜனவரியில் எங்கள் ஆவடியில் ஒரு நாடு தன்னுடைய நெடுநாள் இலக்கை ஊரறியச் சொன்னது. காங்கிரஸ் மகாசபை கூடிய இடத்துக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். யு.என். தேபர் தலைவர். நேரு வந்திருந்தார். காமராஜர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. சோஷலிச பாணியிலான சமுதாயமே நம் குறிக்கோள் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அதே 1956-இல் காமராஜர் அரசு பள்ளிக்கூடங்களில் மதிய உணவு போட ஆரம்பித்தது. அணையும் ஆலையும் பேசிக்கொண்டிருந்த அரசு, படிக்கிற பிள்ளையின் வயிற்றையும் அதே கணக்கில் சேர்த்தது. அந்தக் காலத்தின் மேல் எனக்கு மரியாதை வருவது இதனால்தான்.

நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்றும் தெருவில் பார்த்தால் நிறுத்திக் கேட்பார்கள்: "டீச்சர், மூணு மாசத்துல பத்து கிலோ குறையணும், என்ன செய்யலாம்?" நான் அவர்களுக்குச் சொல்வது பெரும்பாலும் எங்கள் ஊர்க் கதைதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நெடுங்காலம் நின்ற இலக்குகளைப் பார்த்தால், அவை உடம்பையும் பிழைப்பையும் ஒரே முடிச்சில் போட்டவை. முடிச்சு அவிழ்ந்த பிறகுதான் "உடம்பைக் குறைக்கணும்" என்று தனியாக ஓர் இலக்கு தேவைப்பட்டது.

தீர்மானத்துக்கு முன்பே இங்கே ஆலை வந்துவிட்டது. இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குடும்பமும் சேர்ந்து 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1951-இல் இங்கே செய்த ஹெர்குலிஸ் சைக்கிள் வெளியே வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஏரியும் வயலுமாக இருந்த பூமியில் சங்கு ஊதும் நேரம் ஊரின் நேரமாகிவிட்டது.

ஆவடியில் உருவான முதல் விஜயந்தா டாங்கி 1965 இறுதியில் வெளியே வந்தது. ஆங்கிலேயரின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்துத் தந்ததால் நாலைந்து வருஷத்தில் அது முடிந்தது. நாமே வடிவமைக்கத் துணிந்த அர்ஜுன் டாங்கிக்கு 1974-இல் அனுமதி கிடைத்தது, படையிடம் ஒப்படைக்கத் தொடங்கியது 2004-இல். முப்பது ஆண்டு! தாமதம் என்று அதைப் பலரும் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அடுத்தவர் போட்ட திட்டத்தை எடுத்துக்கொண்டால் வேகமாக ஓடலாம், தன் திட்டத்தைத் தானே போட்டால் நெடுநாள் தாங்க வேண்டும் என்பதை என் மாணவிகளுக்குச் சொல்ல இந்த இரண்டு டாங்கிகளும் எனக்குப் பயன்பட்டன. அவர்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள்.

ஐந்தாண்டுத் திட்டம் என்ற யோசனை தொழிலாளியின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அப்ரண்டீஸாகச் சேர வேண்டும், நிரந்தரமாக வேண்டும், சீட்டு எடுத்து மனை வாங்க வேண்டும், பி.எஃப். கடனில் கூரை போட வேண்டும், மகளைக் கரையேற்ற வேண்டும். மாதச் சம்பளமே அறியாத விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இருபது முப்பது வருஷத்துக்கு முன்னோக்கிக் கணக்குப் போடக் கற்றார்கள். திருமுல்லைவாயிலிலும் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் இன்று நிற்கிற பழைய ஒற்றை மாடி வீடுகள் அந்தக் கணக்கின் விடை.

என் அப்பாவும் அந்த வரிசையில் ஒருவர். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போவார், அதே தூரம் திரும்புவார். இருபத்துநாலு இஞ்ச் ஹெர்குலிஸ், பின்னால் கேரியர், ஹேண்டில் பாரில் டிபன் கேரியர். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சி.டி.எச். ரோட்டில் விடியுமுன்னே வரிசையாகப் போவார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எதிரே வருவார்கள். டைனமோ விளக்குகள் மட்டும் தெரியும். அவர் உடற்பயிற்சி என்ற சொல்லை வாயால் சொல்லிக் கேட்டதில்லை. பஸ் காசு மிச்சம், அந்தக் காசு சீட்டுக்கு. அவ்வளவுதான் அவருடைய திட்டம். அந்தத் திட்டம் அவர் தொடைக்கும் நெஞ்சுக்கும் தினமும் ஒன்றரை மணி நேர வேலை கொடுத்தது. மனையும் வந்தது, மூச்சும் தளராமல் இருந்தது.

அதே சைக்கிளில்தான் நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது அன்று தெருவே திரும்பிப் பார்க்கிற விஷயம். பிறகு 1991 வாக்கில் புதுக்கோட்டையில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற நெடுநாள் இலக்கோடு, தானே மிதித்துப் போகிற காலையும் சேர்த்துக் கொடுத்த அந்தச் சிந்தனையை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். 2001-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அரசு சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் மற்ற பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் விரிந்தது. பள்ளி வளாகத்தில் புது சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் நாளில் மாணவிகள் பெல்லை அடித்து அடித்துப் பார்ப்பார்கள். வேறு எந்த விழாவிலும் அந்த முகங்களை நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குள் பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள்கள். களைத்து வருகிறவனுக்கு அது நிஜமான உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். மனை, வீடு, கல்யாணம் என்று வாழ்க்கைக் கணக்கு அப்படியே தொடர்ந்தது; உடம்பு மட்டும் அதிலிருந்து விழுந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் செட்டில்மென்ட் பணத்தோடு சர்க்கரை மாத்திரையும் வாங்கி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர்.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. கேட்டது தினமும் அரை மணி நேர நடை. ஏற்கெனவே அரை மணிக்கு மேல் நடந்தோ சைக்கிள் மிதித்தோ வேலைக்குப் போகிறவர்களிடம், அதையே தொடருங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். இதைப் படித்தபோது அப்பாவின் ஹெர்குலிஸ்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆலைக்கு முந்தைய வழக்கத்துக்குப் போகிறேன், ஏனென்றால் இலக்கு வைப்பதைப் பற்றி நான் அதிகம் கற்றது அங்கேதான். பௌர்ணமியன்று, அதுவும் வெள்ளியில் வந்தால் விசேஷமாக, ஒரே நாளில் மூன்று அம்மன்களைத் தரிசிப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். காலையில் மீஞ்சூருக்கு அருகே மேலூர் திருவுடையம்மன். உச்சிப் பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன். மாலைக்குள் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூவரும் இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி. முதலில் விருப்பம், அப்புறம் அறிவு, கடைசியில் செயல். செயலின் அம்மன் எங்கள் ஊர்க்காரி! இடையில் சுமார் 40 கிலோமீட்டர். இன்று வேனில் போகிறார்கள். நடந்தோ வண்டி கட்டியோ போன காலத்தில் அந்த மூன்று வேளையும் மூன்று கெடு. மேலூரில் கிளம்பத் தாமதித்தால் முல்லைவாயிலில் விளக்கு வைத்துவிடுவார்கள்.

ஒரு நல்ல இலக்குக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. நாள் முன்கூட்டியே தெரியும், நிலவு யாருக்காகவும் தள்ளிப் போகாது. இடைப்பட்ட நிறுத்தங்கள் உண்டு. துணைக்கு ஆள் உண்டு. ஒரு மாதம் முடியாவிட்டால் அடுத்த பௌர்ணமி உண்டு. மூன்று மாதத்தில் பத்து கிலோ என்கிற இலக்கில் இவற்றில் ஒன்றுமே இல்லை.

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதருக்குப் பூ எடுத்துக்கொண்டு நடந்ததாகச் சொல்வார்கள். ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். முதுமையில் நடை தளர்ந்தபோது வரதரே பூந்தமல்லிக்கு வந்தார் என்பது தல வரலாறு. பக்தர்கள் அதில் பெருமாளின் கருணையைப் பார்ப்பார்கள். முதியோருக்குப் பயிற்சி சொல்லித் தருகிற நான், தளர்ந்த உடம்புக்கு ஏற்ப இலக்கு கிட்டே வந்ததையும் பார்க்கிறேன். எழுபது வயதில் நாற்பதின் தூரம் வேண்டாம். பூ மட்டும் தினமும் கட்ட வேண்டும்.

இந்தப் பழைய முடிச்சு அவிழாமல் இன்றும் இருக்கிற ஓர் இடம் விடியற்கால மைதானம். ஆவடியில் சிறப்புக் காவல் படைகள் இருக்கின்றன, சி.ஆர்.பி.எஃப். இருக்கிறது, 2022 ஜனவரி முதல் தனிப் போலீஸ் கமிஷனரேட்டும் இருக்கிறது. காக்கி போட்ட அண்ணனையோ மாமாவையோ பார்த்து வளர்ந்த பிள்ளைகள் செலக்‌ஷனுக்கு ஓடுகிறார்கள். 1973-இல் தமிழ்நாட்டுப் போலீஸில் முதன்முதலாகப் பெண்கள் சேர்ந்தபோது எல்லாப் பதவிகளையும் சேர்த்து 22 பேர். இன்று மைதானத்தில் பாதி பெண் பிள்ளைகள். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும் என்பது இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் அடிப்படைத் தகுதி. அதற்குப் பிறகு நீளம் தாண்டுதல், கயிறு ஏறுதல், எறிதல்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் ஏழு நிமிடம் என்றால் மலைப்பார்கள். இருநூறு மீட்டர் சுற்றுள்ள பள்ளி மைதானத்தில் அது ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 விநாடி. முதல் மாதம் ஒரே ஒரு சுற்றை 56-இல் ஓட வைப்பேன், அடுத்த சுற்று நடை. பிறகு இரண்டு சுற்று சேர்த்து. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. ஆறு மாதத்தில் ஏழரை வந்துவிடும். வராதவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே ஏழு நிமிடத்தைத் தொட ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள். இது உடம்புக்கான கணக்கு. சீட்டுக்கும் மனைக்கும் அப்பா போட்ட கணக்கும் இதேதான்.

பருத்திப்பட்டு ஏரியைச் சீர்படுத்தி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். காலையிலும் மாலையிலும் அங்கே கூட்டமாக நடக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரம் ஒதுக்க முடிகிறவர்களே வர முடியும். ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கும் கடை வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் தனியாக அரை மணி கிடையாது. அவர்களுக்குப் போகிற வழியே பயிற்சியாக வேண்டும், முன்பு இருந்தது போல. இன்று சி.டி.எச். ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிளில் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. பிளஸ் ஒன்னில் சைக்கிள் வாங்கிய பெண் வேலைக்குப் போகும்போது அதை வீட்டில் நிறுத்திவிடுவது அதனால்தான்.

ஆகவே ஆவடி மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு: பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் வரை சைக்கிளுக்கென்று தடுப்புச் சுவரோடு ஒரு தடம் போடுங்கள். படிக்கிறவர்களே, அது வரும்வரை, அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று காலண்டரில் பார்த்து, கூட வர ஒருவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.