சாலைக் கடைத்தெருவும் சக்கிமுக்கித் துப்பாக்கியும்: திருவிதாங்கூர்ப் படைக்கலக் கம்மியம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருவிதாங்கூரின் படை வரலாறு பெரும்பாலும் மன்னர், தளபதி, உடன்படிக்கை என்னும் மூன்றினைச் சுற்றியே எழுதப்பெற்றுள்ளது. 1741ஆம் ஆண்டுக் குளச்சல் போரும், அப்போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையின் 'வலிய கப்பித்தான்' என உயர்ந்த டிலனாயும், உதயகிரிக் கோட்டையும் அவ்வரலாற்றில் நிலையான இடம் பெற்றுள்ளன. ஆனால் அப்படையினர் கையில் இருந்த துப்பாக்கியை ஆக்கியோரும் செப்பனிட்டோரும் யாவர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. வாய்வழி மருந்து கெட்டிக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கும், மிளகு வாணிகத்துக்கும், கம்மியர் தொழிலுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. துப்பாக்கி கடல்வழி வரும் வாணிகப் பொருளாக மாறியபோது உள்நாட்டுக் கம்மியம் ஆக்குதலினின்று செப்பனிடுதலாகச் சுருங்கியது என்பதும், அக்கம்மியத்தின் அறிவுக்குத் தமிழ்ச் சொற்களே எஞ்சிய சான்றாக உள்ளன என்பதும் இதன் கருதுகோள்கள்.

சாலை என்னும் இடம்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் கடைத்தெரு சாலை எனப்படுகிறது. இப்பெயர் பழமையானது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்திகள் குறிக்கும் காந்தளூர்ச் சாலையை இங்குள்ள வலியசாலையோடு இணைத்துக் காண்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்க்கு அமைத்த சாலைக்குக் காந்தளூரே முன்மாதிரியாக இருந்தது. அக்காலச் சாலைகளில் கல்வியோடு படைக்கலப் பயிற்சியும் நிகழ்ந்தது என்று கொள்ளும் வரலாற்றறிஞரும் உளர்.

இன்றைய கடைத்தெரு மிகப் பிற்பட்டது. தர்மராஜா எனப்படும் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்துத் திவானாகிய இராஜா கேசவதாஸ் இதனை உருவாக்கினார். 1795இல் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதன்பின் கரமனை, நெய்யாற்றின்கரை வழியாகத் தெற்கே செல்லும் பெருவழி பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் இணைத்தது. உதயகிரிக் கோட்டை அவ்வழியின் தென்பகுதியிலும் சாலைக் கடைத்தெரு அதன் வடமுனையிலும் அமைந்தன. எனவே படைக்கலத் தொழிலின் வரலாற்றையும் வாணிகத்தின் வரலாற்றையும் இவ்வழியை வைத்தே இணைத்துக் காண இயலும்.

சொல் வரலாறு

துப்பாக்கி என்பது துருக்கிய மொழி மூலத்தையுடைய சொல். திருக்குறளின் 12ஆம் குறளில் காணப்படும் அதே ஒலிவடிவம் துப்பு, ஆக்கி எனப் பிரிந்து உணவை உண்டாக்கி எனப் பொருள் தருவது. படைக்கலப் பெயருடன் அதற்குத் தொடர்பில்லை. பீரங்கி என்னும் சொல் பரங்கியரைக் குறித்த பெயரிலிருந்து வந்தது. சக்கிமுக்கி என்பதும் துருக்கிய, பாரசீக வழக்கிலுள்ள 'சக்மக்' என்பதன் திரிபாகும்.

கருவியின் முழுப்பெயர்கள் இவ்வாறு அயல்மொழியினவாக இருக்க, அதன் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்கள் தமிழாகவே அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. குழல், கட்டை, குதிரை, வில், விசை, திரி, மருந்து, குண்டு, கெட்டித்தல் ஆகியவை ஏற்கெனவே கொல்லர், தச்சர், வேட்டுவர் வழக்கில் இருந்த சொற்கள். பொறிக்கல்லைக் கவ்விப் பாய்ந்து அடிக்கும் உறுப்பைக் குதிரை என அழைத்தது அதன் இயக்கத்தைக் கண்டறிந்தவரின் சொல்லாட்சி. வெளியிலிருந்து வந்த பொருளின் பெயரை மக்கள் அப்படியே ஏற்கலாம். ஆனால் அதன் உட்பகுதிகளுக்குத் தம் மொழியில் பெயரிடுவோர் அதனைப் பிரித்துப் பார்த்தவராதல் வேண்டும்.

அமைப்பும் தொழிற்பிரிவும்

சக்கிமுக்கிப் பொறி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் முழுவடிவம் பெற்றது. குதிரையின் வாயிலுள்ள கல் எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறி எழுப்பும். அப்பொறி கிண்ணத்திலுள்ள மருந்தில் விழுந்து, துளை வழியே குழலின் உள்மருந்தைப் பற்றவைக்கும். இதற்கு முந்தைய திரித்துப்பாக்கியில் எரியும் திரியே இப்பணியைச் செய்தது. திரித்துப்பாக்கியின் பொறி எளியது. ஊர்க்கொல்லர் எவரும் செப்பனிடத்தக்கது. சக்கிமுக்கிக்கோ பதமான வில்லும், மேற்பரப்பு கடினமாக்கப்பட்ட எஃகுத் தகடும், தரமான கல்லும் தேவை. இங்கிலாந்தின் பிராண்டன் பகுதிக் கல் கப்பல்களில் வந்தது. இந்தியாவில் அகேட் கல்லும் பயன்பட்டது. 19ஆம் நூற்றாண்டிலும் இந்தியாவில் திரித்துப்பாக்கி நீடித்தமைக்கு அறியாமையைக் காரணமாகக் கூறுவது பொருந்தாது. செப்பனிடும் எளிமையே அதன் காரணம்.

இத்தகைய துப்பாக்கி ஒரு தனித் தொழிலின் விளைவன்று. இரும்புப் பட்டையைக் காய்ச்சிச் சுருட்டி ஒட்டிக் குழலாக்குவது கொல்லர் பணி. தேக்கு, ஈட்டி போன்ற மரத்தில் குழல் படியும் பள்ளமும் பொறி பொருந்தும் குழியும் அகழ்வது தச்சர் பணி. பித்தளைப் பூண்களை வார்ப்பது கன்னார் பணி. வெள்ளி பதித்தலும் உளியால் கொடியும் பூவும் செதுக்குதலும் தட்டார் கைத்திறன். கம்மாளர் எனத் தமிழகமும் நாஞ்சில் நாடும் அறிந்த தொழிற்குழுவினுள் இப்பிரிவுகள் அனைத்தும் அடங்கியிருந்தன. உதயகிரியில் அமைந்த வார்ப்புச்சாலை பீரங்கிகளையும் குண்டுகளையும் ஆக்கியபோது அதற்கு வேண்டிய உழைப்பும் உலோக அறிவும் இத்தகைய கம்மியரிடமிருந்தே கிடைத்திருத்தல் வேண்டும். டிலனாய் ஐரோப்பியப் போர்முறையையும் ஒழுங்கையும் கொணர்ந்தார். உலையையும் பட்டடையையும் அவர் கொணரவேண்டிய தேவை இருக்கவில்லை.

மிளகும் துப்பாக்கியும்

மார்த்தாண்டவர்மர் 1743இல் மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். 1753இல் ஒல்லாந்தருடன் செய்துகொண்ட மாவேலிக்கரை உடன்படிக்கைப்படி, ஆண்டுதோறும் 12,000 ரூபாய் மதிப்புள்ள படைக்கலங்களைத் திருவிதாங்கூருக்கு வழங்க அவர்கள் இசைந்தனர். 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கிய பின்னர் இத்தேவை மேலும் பெருகியது. 1793இல் ஆங்கிலேயக் கம்பெனியின் பம்பாய் அரசுடன் ஏற்பட்ட ஒப்பந்தம், மிளகுக்கு ஈடாகப் படைக்கலங்களும் ஐரோப்பியப் பொருள்களும் பெற வழிசெய்தது. சாலைக் கடைத்தெருவை உருவாக்கிய கேசவதாஸின் காலத்திலேயே இவ்வொப்பந்தமும் நிகழ்ந்தது. மலையில் விளைந்த மிளகு கடற்கரையில் துப்பாக்கியாக மாறியது என இதனைச் சுருங்கக் கூறலாம்.

இம்மாற்றம் கம்மியர் தொழிலின் இயல்பையும் மாற்றியது எனக் கருத இடமுண்டு. கப்பலில் வந்த துப்பாக்கிகளும் கையால் அராவிப் பொருத்தப்பட்டவையே. ஒன்றன் வில்லை மற்றொன்றில் அப்படியே பொருத்த இயலாது. முறிந்த வில்லும், தேய்ந்த தகடும், அகன்றுபோன துளையும், வெடித்த கட்டையும் உள்ளூர்க் கைகளால்தான் சீர்பெற முடியும். ஆகவே கம்மியர் தேவைப்பட்டனர். ஆனால் ஆக்குவோராக அல்லாமல் பழுது நீக்குவோராக. பழுது நீக்குவோர் தம் பெயரைப் பொறிப்பதில்லை.

பிறநாட்டு ஒப்பீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய செர்மானியக் கம்மியர் 18ஆம் நூற்றாண்டில் உட்புறம் திருகுவரி வெட்டிய நீண்ட சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் செய்தனர். அவற்றின் பித்தளைப் பேழைமூடிகளில் செதுக்கு வேலைப்பாடு மிகுந்திருந்தது. பலர் குழலின் மேற்பரப்பில் தம் பெயரைப் பொறித்தனர். அதனால் அக்கலையின் வரலாறு இன்று ஆள்பெயரோடு எழுதப்படுகிறது. சீரங்கப்பட்டணத்தில் திப்புவின் பட்டறைகள் ஆக்கிய துப்பாக்கிகளில் புலியுருவும் புலிவரியும் இடம்பெற்றன; சிலவற்றில் இடமும் ஆண்டும் செய்தவர் பெயரும் உள்ளன. இலங்கையின் சிங்களத் துப்பாக்கிகள் இடப்புறப் பொறியாலும் சுருள்வடிவக் கட்டையாலும் இனங்காணப்படுகின்றன. பெயரோ அடையாளமோ பெற்ற இம்மரபுகளுக்கு நடுவே திருவிதாங்கூர்க் கம்மியம் அவ்வாறான அடையாளமின்றி நிற்கிறது.

மரபின் முடிவு

1801இல் திருநெல்வேலிப் பாளையங்கள் ஒடுக்கப்பட்டபின் அங்கு மக்கள் படைக்கலம் ஏந்துவதைக் கம்பெனி தடைசெய்தது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி அடக்கப்பட்டதும் உதயகிரியும் பத்மநாபபுரமும் கம்பெனிப் படையிடம் வீழ்ந்தன. திருவிதாங்கூர்ப் படையும் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. 1807இல் ஃபோர்சைத் காப்புரிமை பெற்ற அதிர்வு மருந்து முறை, அடுத்த சில பத்தாண்டுகளில் சக்கிமுக்கியையே பழம்பொருளாக்கியது. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஆங்கிலேய இந்தியாவில் உரிமமின்றித் துப்பாக்கி செய்வதைக் குற்றமாக்கியது. விலக்குப் பெற்ற குடகில் மட்டும் துப்பாக்கி இன்றும் கைல்போள்து விழாவில் வழிபாட்டுப் பொருளாக உள்ளது. கேரளக் கோயில்களின் வெடிவழிபாட்டில் இரும்புக் கதினாக்களில் கருமருந்து கெட்டிக்கும் வழக்கம், பழைய தொழிலின் ஒரு சிறு கூற்றை நினைவூட்டுகிறது.

முடிவுரை

1777இல் மறைந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையினுள் உள்ளது. அதன் எழுத்துப் பொறிப்புகள் இலத்தீனிலும் தமிழிலும் அமைந்துள்ளன. தளபதியின் பெயரைக் கல்லில் காத்த அதே மொழி, கம்மியரின் அறிவைச் சொற்களில் காத்தது. அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள பழந்துப்பாக்கிகளை வடிவத்தால் மட்டுமன்றி, மாற்றப்பட்ட வில், ஒட்டப்பட்ட கட்டை, மறுமுறை இட்ட பூண் ஆகியவற்றாலும் விவரித்துப் பட்டியலிடுதல் வேண்டும். குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் வட்டாரத்திலும் எஞ்சியுள்ள கொல்லர், தச்சர், தட்டார் குடும்பங்களின் தொழிற்சொற்களைத் தொகுப்பது அதனினும் விரைந்து செய்யத்தக்கது. உலைக்களங்கள் அருகிவரும் இந்நாளில், அச்சொற்களை அறிந்த தலைமுறை மறையுமாயின் அத்துப்பாக்கிகளைப் படித்தறியும் வழியும் அதனுடன் அற்றுப்போகும்.