விண்வெளிக் கதிர்வீச்சும் மனித உடலும்

சூரியனிலிருந்தும், வெடித்த விண்மீன்களிலிருந்தும், புவியைச் சூழ்ந்த வான் அலன் பட்டைகளிலிருந்தும் வரும் மின்னேற்றத் துணிக்கைகளே விண்வெளிக் கதிர்வீச்சு எனப்படும்.

வன்னியின் முள்ளியவளையில் ஒரு முற்றத்தில் நின்று உள்ளங்கையை விரித்தால், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவோன் துணிக்கை செக்கனுக்கு ஒன்றளவில் அதை ஊடுருவிச் செல்லும். கைக்கு எதுவும் தெரியாது. மூலக் கதிர்களைத் தலைக்கு மேலுள்ள காற்றே தடுத்துவிடுகிறது. அது பத்து மீற்றர் ஆழத் தண்ணீருக்கு ஈடானது. இன்னொரு காவலும் உண்டு. புவிக்காந்த நடுக்கோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிச் செல்வதால், உலகில் அண்டக்கதிர்களுக்குக் காந்தத் தடுப்பு மிக வலுவாக உள்ள இடங்களுள் வன்னியும் ஒன்று. அந்தக் காவலும் சில வேளை தளரும். 2015 யூன் 22 அன்று சூரியப் புயலொன்று புவிக்காந்தப் புலத்தை நெருக்கியபோது, ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இரண்டு மணி நேரம் மியூவோன் பெருக்கைப் பதிவு செய்தது.

இக்காவல்களைக் கடந்தவர்களின் உடல் வேறு கதை சொல்கிறது. அப்பலோ வீரர்கள் கண்ணை மூடியிருந்தும் ஒளிக்கீற்றுகளைக் கண்டார்கள். விழித்திரையைத் துளைத்த துணிக்கைகளே காரணம். கூடிய கதிரேற்ற அளவு பெற்ற வீரர்களிடம் கண்புரை அதிகமென 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. இரும்புக் கரு போன்ற கனத்த துணிக்கை டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் ஒருங்கே அறுக்கும். கலம் அதைப் பிழையாக ஒட்டினால் பின்னாளில் புற்றுநோய் தோன்றலாம்.

மூப்பைப் பற்றி அவசரத் தீர்ப்புக் கூடாது. நிறமூர்த்த முனைகளான தெலோமியர்கள் வயதோடு குறுகுபவை. 2015-16இல் 340 நாள் விண்வெளியில் இருந்த நாசா வீரர் ஸ்கொட் கெலிக்கு அவை நீண்டன. தரையிறங்கிய சில நாட்களில் சட்டெனக் குறுகின. புவியிலிருந்த இரட்டைச் சகோதரர் மார்க்கிடம் அந்த மாற்றம் இல்லை. விண்வெளியில் நேரும் எலும்புத் தேய்வுக்கு முதற்காரணம் எடையின்மையே. அதைக் கதிர்வீச்சின் கணக்கில் எழுதுவது தவறு.

புவியில் ஒருவர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவேட்டு. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஐந்து நாட்களுக்குள் அது சேர்ந்துவிடும். கியூரியோசிட்டி செவ்வாய் ஊர்தியின் அளவீட்டின்படி, செவ்வாய்க்குப் போய்வரும் பயணத்துக்கு மட்டும் ஏறத்தாழ 660 மில்லிசீவேட்டு. நாசா தன் வீரருக்குப் பணிக்காலம் முழுவதற்கும் அனுமதிக்கும் எல்லை 600.