களையும் மண்ணும்: ரப்பர்த் தோட்டங்கள் உணர்த்தும் மரபறிவு

ராசா அமைந்துள்ள நெகிரி செம்பிலான் மாநிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மரங்களுக்கிடையே புல்பூண்டின்றித் தரையைத் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல நிருவாகம் எனத் தோட்டத் துரைமார்கள் கருதினர். அப்பணியைப் பெரும்பாலும் செய்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்களே. நிழலும் வேர்ப்பிடிப்பும் இழந்த சரிவுகளின் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது.

மலாய்ச் சிறுதோட்டக்காரர்களோ மரங்களின் கீழ்ச் செடிகொடிகளை வளரவிட்டனர். ஐரோப்பியர் பலர் அதனைச் சோம்பல் எனப் பழித்தனர். ஆயினும் மண் காக்கப்பட்டது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1930களில் கீழ்ச்செடிகளின் பயன் ஆராயப்பட்டது. தழைச்சத்தை நிலைப்படுத்தும் அவரைக் குடும்ப மூடுபயிர்களும் தோட்டங்களில் பரவின.

மரபறிவு முழுவதும் பிழையற்றது என்பது நம் கருத்தன்று. லாலான் புல் ரப்பர்க் கன்றின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். எதனை வளரவிடுவது, எதனை நீக்குவது என்பதற்குக் காரணம் காட்டியது அறிவியல். ஆனால், அது கண்ட விடையின் ஒரு பகுதி சிறுதோட்டங்களில் முன்னரே நடைமுறையில் இருந்தது.

களையெடுத்த தமிழர் அம்மண்ணில் நாள்தோறும் கண்டவை நிருவாக ஆவணங்களில் அரிதாகவே இடம்பெற்றன. தோட்டங்கள் குடியிருப்புகளாக மாறிவரும் இக்காலத்தில், எஞ்சியுள்ள முதியோரின் நினைவுகளைத் திரட்டுவது தமிழாசிரியர்களும் ஆய்வாளர்களுமாகிய நம் கடமையாகும்.