சந்தாவும் தண்டாலும்

சென்ற மாதம் நடந்த செயற்குழுக் கூட்டத்தில், பி பிளாக் கீழ்த்தளத்தில் சும்மா கிடக்கும் அறையை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. ஜிம் வைக்கலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். எப்படி நடத்துவது என்பதில்தான் ஒன்றரை மணி நேரம் போயிற்று. வெளியார் ஒருவருக்கு அறையை வாடகைக்கு விட்டுவிடலாம், அவர் ஆண்டுச் சந்தா வாங்கி நடத்திக்கொள்ளட்டும் என்றது ஒரு தரப்பு. நாமே கருவிகள் வாங்கிப் போட்டு மாதாமாதம் கொஞ்சம் வசூலிக்கலாம் என்றது இன்னொரு தரப்பு. வரும் பொதுக்குழுவில் இதற்கு வாக்கெடுப்பு. நான் இரண்டாவது தரப்பு. ஏன் என்று கூட்டத்தில் சொல்ல முயன்றேன், காபி வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் சொந்தக் கணக்கை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. நடைப்பயிற்சி மட்டும் போதாது, இந்த வயதில் தசை கரையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் எடை தூக்குங்கள் என்றார் மருத்துவர். மெயின் ரோட்டில் ஒரு ஜிம்மில் விசாரித்தேன். மாதமாகக் கட்டினால் 2,000, வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 15,000, அதுவும் இன்று மட்டும்தான் என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து, 'இன்று மட்டும்தான்' என்று சொல்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை செய்தவன், அன்றைக்கே கார்டை நீட்டினேன். முதல் மாதம் பதினேழு நாள் போனேன். அடுத்த மாதம் ஒன்பது. பிறகு மழை, முழங்கால், மகள் பிரசவம். ஆக மொத்தம் முப்பது நாள். ஏழாம் மாதம் ஜிம்மே பூட்டிக் கிடந்தது. ரசீதை எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு பெயர், பெயர்ப்பலகையில் இன்னொரு பெயர். ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து வேர்வை வாங்கின மனுஷர் நீங்கள் ஒருவர்தான் என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு.

அந்த 15,000 ரூபாய்க்கு வருத்தப்படுவதை விட்டுவிட்டு, இந்த ஆண்டுச் சந்தா என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ஏனென்றால் என் இளமையில் அது கிடையாது. 1970-களின் கடைசியில் வடசென்னையில் நான் போன தேகப்பயிற்சி சாலை என்பது ஓலைக்கூரை, செம்மண் தரை, மூலையில் ஆஞ்சநேயர் படம், சுவரில் ரசம் போன கண்ணாடி. கர்லாக்கட்டை நான்கு ஜோடி, ஒரு பார், துருப்பிடித்த எடைகள். வஸ்தாதுக்கு மாதம் இரண்டு ரூபாய், முடியாதவன் சனிக்கிழமை தேங்காய் பழம் வாங்கி வந்தால் போதும். தண்டாலும் பஸ்கியும் எடுக்கக் கருவியே வேண்டாம். தென்மாவட்டத்துக் கிராமங்களில் இன்னும் மலிவு. ஊர்ப் பொதுவில் ஓர் இளவட்டக்கல் கிடக்கும், தூக்க முடிந்தவன் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கர்லாக்கட்டைக்கு ஒரு கதை உண்டு. இங்கே வந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் நம் ஆட்கள் அதைச் சுழற்றுவதைப் பார்த்துப் பழகி, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அது 'இந்தியன் கிளப்' ஆயிற்று. 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு பிரிவாகவே இருந்தது. இப்போது அதே கட்டை நம் ஊர்ப் பெரிய ஜிம்களில் தனிப் பயிற்சி என்று தனிக் கட்டணத்துடன் திரும்பி வந்திருக்கிறது.

பொது இடத்தில் கருவி நட்டுவைத்து எல்லோரும் வாருங்கள் என்பதை ஐரோப்பாவில் பெரிய அளவில் செய்தவர் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் யான் என்ற ஆசிரியர். 1811-இல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடெ என்ற திடலில் கம்பம், கயிறு, பார் எல்லாம் நட்டு இளைஞர்களைப் பழக்கினார். நெப்போலியன் படையிடம் தோற்றிருந்த நாடு அது, ஆகவே அவருக்கு அரசியல் நோக்கமும் இருந்தது. அதனாலேயே பிறகு பிரஷ்ய அரசு பயந்துபோய்ப் பல ஆண்டுகள் தடை போட்டது. 1842-இல் தடை நீங்கியதும் ஊருக்கு ஊர் உடற்பயிற்சிச் சங்கங்கள் கிளம்பின. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: அவை யாரோ ஒருவருடைய கடை அல்ல. உறுப்பினர்களே சந்தா போட்டு, உறுப்பினர்களே நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து நடத்தியவை. அங்கே சந்தா என்றால் செலவைப் பங்கு போட்டுக்கொள்வது, லாபம் அல்ல. ஜெர்மனியில் இன்றும் அப்படிப்பட்ட சங்கங்கள் ஏராளமாக உள்ளன.

காசு பண்ணும் தொழிலாக இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் யூஜின் சாண்டோ. அவரும் ஜெர்மானியர்தான், 1867-இல் பிறந்தவர். மேடையில் வித்தை காட்டிப் புகழ் பெற்று, 1897-இல் லண்டனில் கனவான்களுக்கான பயிற்சிக் கூடம் திறந்தார். அங்கே வர முடியாதவர்களுக்கு அஞ்சல்வழிப் பாடம், ஸ்பிரிங் வைத்த டம்பெல், புத்தகம், பத்திரிகை. 1904-05-இல் இந்தியாவுக்கும் வந்து காட்சிகள் நடத்தினார். நாம் போடும் கையில்லாத பனியனுக்குச் 'சாண்டோ பனியன்' என்று பெயர் வந்ததும் அவரால்தான் என்பார்கள். கோவையில் தேகப்பயிற்சி சாலை நடத்தி, பிற்பாடு படத் தயாரிப்பாளராகப் பேர் பெற்ற சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'சாண்டோ'வும் அந்த ஜெர்மானியர் பெயர்தான்.

அஞ்சல்வழிப் பாடம் என்பது அன்றைய சிக்கன வழி. பெங்களூரில் கே.வி. ஐயர் 1920-களில் ஹெர்குலஸ் ஜிம்னாசியம் என்ற கூடத்தை நடத்தினார். தண்டால், சூரிய நமஸ்காரம், எடை மூன்றையும் கலந்து பாடத்திட்டம் வகுத்து, தபாலிலும் அனுப்பிவைத்தார். (கன்னடத்தில் 'சாந்தலா' என்ற புகழ் பெற்ற நாவலை எழுதியவரும் இவரே. எடை தூக்குகிறவருக்கு எழுத வராது என்று நினைப்பவர்கள் கவனிக்க.) அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் கருவியே வேண்டாத பாடத்தை விளம்பரம் செய்து விற்றார். இன்று செல்பேசியில் காணொளி பார்த்து வீட்டில் புஷ்-அப் எடுக்கும் நம் சி பிளாக் பையன்கள் இந்தப் பரம்பரைதான். செலவு குறைவு. வாத்தியார் பக்கத்தில் இல்லாததுதான் குறை.

நம் சென்னையைப் பொறுத்தவரை ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கரைச் சொல்ல வேண்டும். 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை இங்கே தொடங்கியவர். நந்தனத்தில் இன்று நாம் பார்க்கும் கல்லூரி அதன் வளர்ச்சி. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் என்று ஒருவர் இருந்து, காசு வாங்காமல் நம்மை ஓடவிட்டாரே, அந்த வழக்கம் இங்கே வேரூன்றியதில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்கள், கிராமங்களில் அம்மா பூங்காவோடு சேர்த்து வந்த உடற்பயிற்சிக் கூடங்கள், இப்போது பூங்காக்களில் நிற்கும் மஞ்சள் நீலக் கருவிகள் எல்லாம் அரசுப் பணத்தில் வந்தவை. திறந்தவெளிக் கருவிகளைப் பொறுத்தவரை சீனா முந்திக்கொண்டது. 1995-இல் நாடு தழுவிய உடற்பயிற்சித் திட்டம் ஒன்றை அறிவித்து, விளையாட்டு லாட்டரிப் பணத்தில் தெருவுக்குத் தெரு கருவி வைத்தார்கள். நம் பூங்காக் கருவிகளில் பாதிக்கு எண்ணெய் போட ஆளில்லை என்பது உண்மைதான். மீதிப் பாதி இலவசம்.

சரி, நான் ஏமாந்த ஆண்டுச் சந்தாவுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான்டா மோனிகா கடற்கரை ஊரில், விக் டேனி என்பவர் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் ஜிம் தொடங்கினார். அதுவரை ஜிம் என்றால் வேர்வை நாற்றம் வீசும் நிலவறை. இவர் கம்பளம் விரித்தார், பெரிய கண்ணாடிகள் மாட்டினார், பளபளக்கும் கருவிகள் வைத்தார், பெண்களையும் வரவேற்றார். அது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. அதோடு கூடவே நீண்ட கால ஒப்பந்தம், தவணை முறையில் கட்டணம், கையெழுத்து வாங்காமல் விடாத விற்பனையாளர்கள். கிளைகள் நாடு முழுவதும் பரவின. ஒருவர் ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டால் வந்தாலும் பணம், வராவிட்டாலும் பணம். புதிய உறுப்பினர் பணத்தில் புதிய கிளை திறப்பது எதுவரை ஓடும் என்று வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1960-களின் தொடக்கத்தில் அந்தச் சாம்ராஜ்யம் சரிந்தது. இத்தகைய ஜிம் ஒப்பந்தங்களைக் கட்டுப்படுத்த 1961-இலேயே கலிஃபோர்னியா தனிச் சட்டம் போட்டது என்றால் புகார்கள் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். டேனி போனார், அவருடைய ஒப்பந்தம் மட்டும் உலகம் சுற்றி என் மெயின் ரோடு வரைக்கும் வந்துவிட்டது.

என்னைப் போன்றவர்களைப் பற்றி ஒரு புகழ் பெற்ற ஆய்வே இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் வெளியிட்டது. 'ஜிம்முக்குப் போகாமல் இருக்கப் பணம் கட்டுதல்' என்று தமிழில் சொல்லலாம் அதன் தலைப்பை. அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்தில் 4.3 முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே ஜிம்மில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். இன்னொன்று: தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் மாதச் சந்தாக்காரர்கள், கடைசியாக வந்த நாளுக்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் பணம் கட்டிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் ரத்து செய்தார்கள்.

ஆகவே மாதச் சந்தா என்றாலே சிக்கனம் என்றும் நினைத்துவிடக் கூடாது. கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் என் கவுன்ட்டருக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மாதா மாதம் நாமே கையால் கட்டுவதுதான் பாதுகாப்பு. கட்டக் கை வராவிட்டால் அதுவே ஒரு தகவல். வெளியே ஜிம்மில் சேர்கிற நம் பிள்ளைகள், பத்து நாள் சீட்டு உண்டா, மதிய நேரத்துக்குக் குறைந்த கட்டணம் உண்டா என்று கேட்டுப் பார்க்கட்டும். கேட்டால் கொடுக்கிற இடங்கள் உண்டு, பலகையில் எழுதிவைப்பதில்லை.

வரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஜிம்களுக்குச் சேவை வரி 2002 ஆகஸ்டில் வந்தது, அப்போது 5 சதவீதம். ஏறி ஏறி 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 18 ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடியும் 5. 12,000 ரூபாய் கட்டணத்துக்கு வரி 2,160 இருந்தது 600 ஆகிறது. மிச்சம் 1,560. ஆனால் புதிய விகிதத்தில் ஜிம்காரருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது, ஆகவே அடிப்படைக் கட்டணத்தையே அவர் ஏற்றியிருக்கவும் கூடும். பில்லில் இரண்டு வரியையும், அதாவது இரண்டு வரிகளில் அச்சிட்டிருப்பதையும், படித்துப் பாருங்கள்.

இனி நம் அறை. மூடிய ஜிம்களின் கருவிகள் இரண்டாம் கையாகச் சல்லிசாகக் கிடைக்கின்றன (என்னுடையதும் அதில் இருக்கலாம்). இரண்டு இடங்களில் விலை கேட்டு, ரப்பர் தரை, கண்ணாடி சேர்த்து 1,92,000 என்று கணக்குப் போட்டிருக்கிறேன். 64 வீட்டுக்கு வீட்டுக்கு 3,000. வாரம் மூன்று நாள் காலையில் வரும் பயிற்சியாளர், மின்சாரம், துப்புரவு எல்லாம் சேர்த்து மாதம் 9,600, அதாவது வீட்டுக்கு 150. டிரெட்மில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பழுதாவது அதுதான் முதலில், தவிர நடப்பதற்கு நம்மிடம் வளாகம் இருக்கிறது. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று டி பிளாக்கிலிருந்து கேட்டார்கள், காலை 10 முதல் 12 வரை என்று குறித்திருக்கிறேன். வெளியாருக்கு வாடகைக்கு விட்டால் மாதம் 8,000 வருமானம் வருமே என்று பொருளாளர் கேட்பார். வரும். அதை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்டுச் சந்தாவாக அவர் திரும்ப எடுத்துக்கொள்வார், பிறகு எந்த மாதம் பூட்டுவார் என்பது நமக்குத் தெரியாது.

கணக்குத் தாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. தவறு இருந்தால் பென்சிலால் குறிக்கவும். என் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துக் கர்லாக்கட்டை ஒரு ஜோடி இருக்கிறது, கூடம் மூடியபோது வஸ்தாது கொடுத்தது. தீர்மானம் எப்படிப் போனாலும் அந்த அறைக்கு அதைக் கொடுத்துவிடுகிறேன். என்னால் இப்போது இறக்க முடியாது. இளைஞர்கள் இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்தால் நல்லது.