உக்கடத்துப் பழைய கடையில் நீல சாஸர்... சீனாவா, இங்கிலாந்தா?

உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில், வெள்ளைப் பீங்கானில் நீலப் படம் போட்ட சாஸர் ஒன்று உங்க கண்ணில் படுதுன்னு வைங்க. 'ஒரிஜினல் சைனா ஆன்டிக்குங்க' என்று கடைக்காரர் விலையை ஏத்தலாம். பர்ஸைத் திறக்கும் முன், ஒரு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

ஏன் நீலம்?
சுமார் 1,300 டிகிரி சூளை வெப்பத்தையும் தாங்கும் நிறம் கோபால்ட் நீலம். சீனாவின் ஜிங்டெஷென் நகரம் இதில் கில்லாடி. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ஆக, இங்கிலாந்து டீ குடிக்கப் பழகும் முன்பே சீனப் பீங்கான் நம்ம கரைக்கு வந்தாச்சு!

காப்பியடித்த இங்கிலாந்து
நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 - 1830 தான் 'ஜார்ஜியன்' காலம். 1784-ல் தேயிலை வரி 119 சதவிகிதத்திலிருந்து 12.5 ஆகக் குறைய, சாதாரண வீடுகளிலும் டீ கொதித்தது. சீனக் கிண்ணம் போலவே கைப்பிடி இல்லாத கப். சூடு ஆற சாஸரில் ஊற்றிக் குடிப்பதும் உண்டு. அட, நம்ம தாத்தா ஸ்டைல்!

அதே காலத்தில் ஜோசையா ஸ்போட், செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தைக் காகிதத்தில் அச்செடுத்துப் பாத்திரத்தில் ஒட்டும் முறையை மெருகேற்றினார். பாலம், மரம், இரண்டு பறவைகள் கொண்ட 'வில்லோ' டிசைன் இப்படித்தான் பரவியது. அதோடு சொல்லப்படும் 'பழைய சீனக் காதல் கதை'யும் இங்கிலாந்தில் கட்டியதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?
* விளிம்பில் டிசைன் சரியாகச் சேராமல் ஒட்டு தெரிந்தால், அச்சு வேலை. தூரிகைத் தடம் தெரிந்தால், கைவேலை.
* வெளிச்சத்தில் பிடிங்க. பின்னால் விரல் நிழலாகத் தெரிந்தால் போர்சலின் வகை. தெரியாவிட்டால் பெரும்பாலும் சாதா மண் பீங்கான்.
* அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. ஜார்ஜியன் விலை கொடுக்காதீங்க!
* விரிசல் விட்டிருந்தால் ஷோகேஸுக்கு மட்டும். டீ ஊற்ற வேண்டாம்.

பிடித்திருந்தால் தாராளமா வாங்குங்க, சாஸர் விலைக்கு. அப்படியே பாட்டி வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்திடுங்க. பழைய சாமான்காரருக்குப் போகும் முன்!